சௌந்தரி போயிருக்கா

“அப்ப வேகம் மட்டும் போதுமா?”

“காணாமப் போன ஆளைத் தேடுறப்ப வேற என்னக்கா வேணும்?”

“பதில் சரியா இருக்கணும்.”

“சரியாத்தான் இருக்கு. போன வருசப் புயல்ல தேடின அத்தனை பேரையும் திரும்பத் தேட விட்டுப் பாத்தேன். ஒரு ஆள்கூட விடுபடல. உங்களது சொன்ன அதே பதில். என்ன, உங்களது சாயங்காலம் சொன்னதை என்னது கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிடுது.”

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இருதயராஜ் சிரித்துவிட்டார். பிறகு சௌந்தரியின் முகத்தைப் பார்த்து, மிச்சச் சிரிப்பைத் தேநீர் டம்ளருக்குள் மறைத்துக்கொண்டார். மிதவூரின் கட்டுப்பாட்டு அறைக்கு அவர்தான் பொறுப்பு. அந்த அறையில் பதினெட்டு வருடமாக வேலை செய்பவள் சௌந்தரி. அவளை ‘அக்கா’ என்று கூப்பிடும் நிலுஃபர் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

நாகப்பட்டினத்தின் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, உள்நாட்டுக்குப் போக மனமில்லாதவர்கள் கடலின் மேலேயே தங்கிவிட்ட ஊர் மிதவூர். ஒவ்வொரு வீடும் ஒரு தட்டு. தட்டுகள் ஒன்றையொன்று கொக்கிகளால் பிடித்துக்கொண்டு மிதக்கும். அந்தக் கொக்கிகளை, விளக்குகளை, குடிநீரை எல்லாம் நடத்தும் இயங்குதளத்துக்கு நங்கூரம் என்று பெயர். அதோடு பேசுவது எளிது. திரையில் ஒரு சொல்லைத் தட்டினால் போதும். ‘அவிழ்’ என்றால் கொக்கிகள் கழன்றுகொள்ளும். புயலில் தட்டுகள் மோதி உடையாமல் இருக்க அது ஒன்றே வழி. ‘பிணை’ என்றால் மறுபடி சேரும். இரண்டுக்கும் நடுவில் ஊரே தட்டும் சொல் ‘தேடு’.

நங்கூரத்தோடு பிறந்த அந்தத் தேடுவை எழுதியவள் சௌந்தரி.

“ஒரு தட்டு சிக்னலே குடுக்காமப் போச்சுன்னா?” என்று கேட்டாள்.

“கடல் ஒரு தடவை ஏறி இறங்குற வரைக்கும், ஒரு ஓதம் பாக்கும். அப்பவும் சத்தம் இல்லன்னா பட்டியல்லேருந்து எடுத்துடும். எடுக்கலன்னா பட்டியல் ஊதிப்போயி எல்லாருக்கும் மெதுவாயிடும்.”

“எடுத்துட்டா, கேக்குறவங்களுக்கு என்ன சொல்லும்?”

“இல்லைன்னு சொல்லும்.”

“இல்லைன்னா?”

“அதுக்குத்தான் உங்களது இருக்குல்லக்கா!” நிலுஃபர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “அதை நான் தொடவே மாட்டேன். உங்களது அடி அலமாரியில அப்படியே இருக்கும். என்னதை வெளி அலமாரியில வெக்கிறேன். ‘தேடு’ன்னு தட்டினா நங்கூரம் முதல்ல வெளி அலமாரியில பாக்கும், என்னதை எடுத்துக்கும். ‘அடி/தேடு’ன்னு முழு முகவரியும் போட்டா நேரா உங்களதுகிட்டப் போயிடும். என்னது இல்லைன்னு சொன்னா உங்களதுகிட்டக் கேக்கணும். அந்தத் தைரியத்துலதான் நான் பட்டியலையே சின்னதா வெச்சேன்.”

“ஒரே பேர்ல ரெண்டு பேரு ஒரே தெருவுல இருந்தா என்னம்மா பண்ணுவோம்? வீட்டு நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவோம்” என்றார் இருதயராஜ். “இதுக்குப் போயி…”

“முன்வீட்டுக்காரி ஓடி வந்து நிக்கும்போது பின்வீட்டுக்காரிய யார் சார் கூப்பிடப் போறாங்க?” என்றாள் சௌந்தரி.

இருதயராஜின் பார்வையில் இருந்தது கோபமில்லை, பரிவு. அதுதான் சௌந்தரியைச் சுட்டது. பட்டியலிலிருந்து விழுந்தவர்களைப் பற்றி இன்னும் இரண்டு கேள்விகள் அவளிடம் இருந்தன. நியாயமான கேள்விகள்தான். ஆனால் தன் வாயிலிருந்து வரும்போது அவையும் லேசாகக் கெட்டுப்போன வாடையோடு வருவதாக அவளுக்கே தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

“போட்டுக்கம்மா” என்றாள் நிலுஃபரிடம். “நல்லாத்தான் எழுதியிருக்கே.”

அவளுடைய தேடு மெதுவானது. அதற்குப் பட்டியல் கிடையாது. ஒருவரைத் தேடச் சொன்னால் பக்கத்துத் தட்டிடம் போய்க் கேட்கும். அது தன் பக்கத்துத் தட்டிடம் கேட்கும். தட்டுகள் முடிந்ததும் கடலில் கிடக்கும் மிதவைகளிடம். அவற்றில் பல, எந்தக் காலத்திலோ யாரோ போட்டுவிட்டு மறந்தவை. எல்லாரிடமும் கேட்டு முடிக்காமல் அது ‘இல்லை’ என்று சொல்லாது. போகிற வழியெல்லாம் திரையில் எழுதிக்கொண்டே போகும்: கேட்கிறேன். இங்கே இல்லையாம். அடுத்த இடத்தில் கேட்கிறேன்.

ஊர் அந்தத் தாமதத்துக்கு அவள் பெயரையே வைத்திருந்தது. ‘சௌந்தரி போயிருக்கா, வருவா’ என்பார்கள், திரை முன்னால் காத்திருப்பவர்களைத் தேற்ற. நாளடைவில் எதற்குக் காத்திருந்தாலும் அதுவே வசனமானது. குடிநீர்ப் படகு வரவில்லையா, சௌந்தரி போயிருக்கா. மாப்பிள்ளை வீட்டார் பதில் சொல்லவில்லையா, சௌந்தரி போயிருக்கா. கேலிதான். அந்தக் கேலிக்குள் தன் பெயர் வெதுவெதுப்பாக இருப்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நிலுஃபரின் தேடு வந்த ஒரு மாதத்தில் அந்த வசனம் ஊரைவிட்டுப் போய்விட்டது. யாரும் துரத்தவில்லை. காத்திருப்பவர்களே இல்லாதபோது தேற்றுவதற்கு வசனம் எதற்கு?

“அந்தப் பொண்ணோட தேடுவப் பாத்தியா?” என்று கேட்டான் அவள் கணவன் ஞானசேகர், சோற்றைப் பிசைந்துகொண்டே. அவன் மீட்புப் படகு ஓட்டுபவன். “இன்னிக்கு வடக்க ஒரு தோணி கவுந்துடுச்சு. எடத்த அப்படியே புள்ளி வெச்சுக் குடுத்துச்சு. நான் போறப்ப அந்தாளு வாயில தண்ணிகூடப் போகல. என்ன மூளைங்கிற அதுக்கு!”

“இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டா?”

“அட, உன்னதும் நல்லதுதான். அந்தக் காலத்துக்கு.”

“அந்தக் காலம்னா போன மாசமா?”

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அன்று முழுக்க அவள் மனம், காலியான கிணற்றில் வாளி மோதுவதுபோல, அந்த ஒரு வாக்கியத்தில் போய்ப்போய் இடித்தது.

ஒரு விடுமுறை நாளில் நிலுஃபரின் நிரலை வீட்டுக்கு எடுத்து வந்து வரி வரியாகப் படித்தாள். ஒரு பிழை போதும். சின்னதாக, கூட்டத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரி ஒன்று. அப்படி எதுவும் இல்லை. நிரல் அழகாக இருந்தது. நல்ல தையல்காரி தைத்த ரவிக்கையின் உட்புறம் மாதிரி, யாரும் பார்க்காத இடத்திலும் ஒழுங்காக. நடுவில் ஓரிடத்தில் நிலுஃபர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: ‘இதைச் சௌந்தரி அக்காவின் தேடுவைப் படித்துக் கற்றுக்கொண்டேன்.’

சௌந்தரி கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

தன் தேடுவை யாராவது முழு முகவரி போட்டுக் கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அவளுக்குத் தினசரிப் பழக்கமானது. ஒரே ஒரு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிலுஃபரின் வாப்பா, மீராசா மரைக்காயர். அவர் தேடிய பெயரும் ஒன்றுதான்: மீராசா மரைக்காயர்.

ஊரின் தென்கோடியில் அவர்களுடைய தட்டு. சௌந்தரி ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது அவர் வாசலில் உட்கார்ந்து அரிசிமாவில் பொரித்த வாடா தின்றுகொண்டிருந்தார். அவளுக்கும் ஒன்றை நீட்டினார். மேலே ஒட்டியிருந்த இறால் இன்னும் சூடாக இருந்தது.

“பாய், உங்களையே எதுக்கு நீங்க தேடுறீங்க?”

“இருக்கேனான்னு பாத்துக்குறேன் தங்கச்சி” என்றார். “காலையில அதை அனுப்பிட்டு நான் பாட்டுக்கு வலைய எடுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அது ஊரெல்லாம் போயிக் கேட்டுட்டு, யாருமில்லாத கடல்லயும் போயி ஒவ்வொரு மிதவைகிட்டயும் மீராசாவப் பாத்தியா, மீராசாவப் பாத்தியான்னு கேட்டுட்டு, லுஹர் தொழுகை நேரத்துக்குத் திரும்பி வந்து ‘இருக்கிறார்’னு சொல்லும். பக்கத்துத் தட்டுல இருந்து வந்த பதிலாத்தான் இருக்கும், ஆனா எல்லாரையும் கேட்டுட்டு வந்துதான் சொல்லும். அப்பத்தான் எனக்கு நம்பிக்கையே வருது.”

“மக எழுதினது உடனே சொல்லுமே.”

“அது புள்ள, புத்திசாலி. பட்டுன்னு சொல்லிடும். எனக்காக யாரும் அலையலையேன்னு இருக்கும்.”

அன்று வீடு திரும்பும்போது சௌந்தரிக்குக் காற்று லேசாக இருந்தது. ஒரு ஆள் போதும் என்று நினைத்தாள். அதுவும் நிலுஃபரின் வாப்பா.

மழைக்காலத்துக்கு முந்தி ஒரு நாள் அந்த ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று பயந்து நேரில் போனாள். அவர் புதுத் திரை ஒன்றின் முன்னால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மக வாங்கிக் குடுத்துச்சு. வாயால சொன்னாப் போதுமாம், தட்டவே வேணாமாம்” என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். “தேடு, மீராசா!” அவர் உதடு மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. “பாத்தியா தங்கச்சி! என்ன வேகம்ங்கிற! பழகிட்டா இதுதான் சௌகரியம்.”

“ஆமா பாய்” என்றாள் சௌந்தரி.

அவர் வாடா எடுக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

கட்டுப்பாட்டு அறையில் மதியச் சாப்பாட்டு நேரம், யாருமில்லை. நங்கூரத்தின் அடி அலமாரிக்கு அவள்தான் காப்பாளர். அதில் கை வைக்கிற உரிமை வேறு யாருக்கும் இல்லை. தன் தேடுவைத் திறந்து மேலிருந்து கீழ்வரை ஒரு முறை பார்த்தாள். முன்வாசலில் ஒருத்தி நின்று சிரிக்க, பின்கட்டில் கூப்பிடுவாரில்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவியைப் போல அது கிடந்தது. அப்படி அது கிடக்க வேண்டாம். ஒப்பிட்டுச் சிரிப்பதற்காக யாரும் அதை வைத்திருக்க வேண்டாம். அழித்தாள். பிரதி வைத்திருந்த இடங்களுக்கும் போய் அழித்தாள்.

அடி அலமாரியில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் யாராவது கேட்பார்கள். எனவே அதே முகவரியில் ஒரு சின்ன இணைப்பை வைத்தாள். இனி ‘தேடு’ என்றாலும் நிலுஃபருடையது வரும், ‘அடி/தேடு’ என்றாலும் நிலுஃபருடையது வரும். இரண்டு கதவு, உள்ளே ஒரே ஆள்.

அதன் பிறகு அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. நிலுஃபரோடு சிரித்துப் பேசவும் முடிந்தது. போட்டியே இல்லாத இடத்தில் தோல்வி ஏது? அந்தப் பெண் கொண்டுவந்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, “உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சு” என்று கேலிகூடச் செய்தாள்.

ஐப்பசியில் புயல் வந்தது.

மிதவூரில் ஒரு வழக்கம் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் எல்லோரும் படகேறிக் கரையிலிருக்கும் மேட்டு முகாமுக்குப் போவார்கள்; ஆனால் தட்டுக்கு ஒரு ஆள் தங்க வேண்டும். ஆளில்லாத தட்டு அநாதை, கண்டெடுத்தவன் கொக்கி போட்டுக்கொள்ளலாம் என்பது ஆரம்ப காலத்துச் சட்டம். சட்டம் எப்போதோ மாறிவிட்டது, பயம் மாறவில்லை. நிலுஃபர் எவ்வளவோ கெஞ்சினாள். “நான் தங்காம வேற யாரு தங்குவா? நீ போயி உன் அறையில உக்காரு. நான் எங்க போனாலும் உன் தேடு பட்டுன்னு சொல்லிடும்ல” என்றார் மீராசா.

கரை முகாமை ஒட்டியிருந்த கட்டுப்பாட்டு அறையில் ‘அவிழ்’ என்ற சொல்லைச் சௌந்தரிதான் தட்டினாள். திரையில் ஊர் கலைந்தது. அறுந்த பாசிமாலையின் மணிகள் தரையில் உருளுவதுபோல ஒவ்வொரு தட்டும் தன் திசையில் போனது. காற்று ஒரு பகலும் ஒரு இரவும் அடித்தது. அடங்கியபோது நிலுஃபரின் தேடு வேலையைத் தொடங்கியது. பெயர்கள் வரவரப் புள்ளிகள் எரிந்தன, படகுகள் பறந்தன. முகாமிலிருந்து ஆரவாரம் கேட்டுக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் ஊர் மொத்தமும் கிடைத்துவிட்டது, ஒரு தட்டைத் தவிர.

தேடு: மீராசா மரைக்காயர். இல்லை.

“சிக்னல் கம்பி ஒடிஞ்சிருக்கும்” என்றாள் நிலுஃபர். குரலில் பதற்றமில்லை. “ஓதம் தாண்டிடுச்சு, பட்டியல்லேருந்து எடுத்திருக்கும். இதுக்குத்தானே சார் அக்காவோடதை வெச்சிருக்கோம். அது பட்டியலைப் பாக்காது, மிதவைகிட்டப் போயிக் கேக்கும். கம்பி ஒடிஞ்சாலும் வாப்பா கையில கட்டியிருக்கற அடையாளப் பட்டை பக்கத்து மிதவைக்குப் பதில் சொல்லும்.”

வானொலியில் ஞானசேகரின் குரல் இரைந்தது. “தெக்கயா, கெழக்கயா? ஒரு தெசையச் சொல்லுங்க சார். அலை இன்னும் அடங்கல. நாலு படகையும் சும்மா சுத்த விட முடியாது.”

“இருங்கண்ணே, சொல்றேன்” என்று நிலுஃபர் திரையைத் தன் பக்கம் இழுத்தாள்.

சௌந்தரி எழுந்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தாள். எழுந்தவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நிலுஃபர் முழு முகவரியையும் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். அடி/தேடு: மீராசா மரைக்காயர்.

இல்லை.

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ரெண்டும் சொல்லிடுச்சும்மா” என்றார் மெதுவாக.

இரண்டும் ‘இல்லை’ என்றால் படகுகளைத் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்பது விதி. புதுத் தேடு வந்த அன்று அந்த விதியை எழுதியவர் அவர்தான். படகோட்டிகளுக்கும் வீடு உண்டு. அதில் ஒரு வீடு சௌந்தரியுடையது.

“பொழுது சாயற வரைக்கும் இருக்கட்டும் சார்” என்றாள் சௌந்தரி. தன் குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது.

“எந்தத் தெசைன்னு அனுப்பச் சொல்றே? உன் புருசனும் அதுலதான் இருக்கான்.” பதிலுக்கு நிற்காமல், முகாமில் காத்திருக்கும் நிலுஃபரின் உம்மாவிடம் தானே சொல்வதாகக் கிளம்பிப் போனார். போகும்போது, “வந்து படகைக் கூப்பிட்டுக்கலாம். அதுவரைக்கும் இந்தப் பொண்ணப் பாத்துக்க” என்றார்.

அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கடல், ஒன்றும் செய்யாததுபோல, மஞ்சள் வெயிலில் மினுங்கியது.

நிலுஃபர் அழுவாள் என்று சௌந்தரி காத்திருந்தாள். அவள் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா.”

“சொல்லும்மா.”

“அது ஏன் உடனே சொல்லுச்சு?”

சௌந்தரி ஜன்னலின் கொண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களது உடனே சொல்லாதே. சேந்த புதுசுல அதை நான் வரி வரியாப் படிச்சிருக்கேன்கா. அது அவ்வளவு சீக்கிரம் இல்லைன்னு சொல்லாது. சொல்லத் தெரியாது அதுக்கு. எல்லார்கிட்டயும் போயிக் கேக்கணும், கேட்டுட்டுத்தான் வரணும். இப்ப அது எங்கயும் போகல. வாசப்படிகூடத் தாண்டல.” திரும்பிச் சௌந்தரியைப் பார்த்தாள். அந்தக் கண்களில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. கணக்கு தப்பாகப் போட்டுவிட்ட மாணவியின் தவிப்புதான் இருந்தது. “நான்தான் எங்கயோ கெடுத்துட்டேன் போல. வெளி அலமாரியில என்னதை வெச்சப்ப உங்களது மேல ஏதோ பட்டிருக்கும். இல்லன்னா நான் கூப்பிட்ட விதம் தப்பு. அவசரத்துல ஒரு எழுத்து விட்டிருப்பேன்.”

“நிலு…”

“என் மேல உங்களுக்குக் கோவம் இருக்கும்னு தெரியும்கா. இருக்கட்டும். அதைப் பெறகு தீத்துக்குங்க.” நாற்காலியிலிருந்து எழுந்து அதைச் சௌந்தரியின் பக்கம் திருப்பி வைத்தாள். விசைப்பலகையில் தெறித்திருந்த மழைத்தண்ணீரைத் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். “வாப்பா புதுத் திரை வாங்கின பெறகும் வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பாங்க, ‘உன்னது சொன்னா தெரிஞ்சுக்கலாம், அது சொன்னாத்தான் நம்பலாம்’னு. நேத்து அவிழ்க்கறதுக்கு முன்னாடி போன்ல சிரிச்சுக்கிட்டே, ‘நான் கெடைக்கலன்னா அழாதே, சௌந்தரி போயிருக்கா, வருவா’ன்னாங்க.”

வானொலி இரைந்தது. “சார், திரும்பட்டுமா? சார்?” ஞானசேகரின் குரலுக்குப் பின்னால் காற்றின் சத்தம்.

நிலுஃபர் அதன் ஒலியைக் குறைத்தாள். சௌந்தரியின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்து, விசைப்பலகையின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

“நீங்க எழுதினது, நீங்க கூப்பிட்டா வரும். உங்க கையால ஒரே ஒரு தடவை அதை அனுப்பி வைங்கக்கா.”